செம்பருத்திய போட்டோ எடுக்கறப்ப

செம்பருத்தி ஒரே நாள்ல வாடிரும், அதனால காலைல காத்து கெளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க. செவப்புதான் பெரிய பிரச்சனை, வெயில்ல இதழோட நரம்பெல்லாம் காணாம போய் வெறும் செவப்பு திட்டா வரும், எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவு) மைனஸ் 0.7 வச்சு ஹிஸ்டோகிராம்ல (கேமரா காட்டற வெளிச்ச வரைபடம்) ரெட் சேனல், அதாவது செவப்புக்கான வரைபடம், வலது ஓரத்துல முட்டுதான்னு பாருங்க, முட்டுனா இன்னும் கொறைங்க. ஃபோகஸ் நடுத்தண்டு நுனியில, ஷட்டர் வேகம் 1/500 செகண்ட்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல 100% பெருசாக்கி பாக்கறதுலதான் உண்மையான பாடமே இருக்கு. பின்னாடி இலை ஷார்ப்பா இருந்து பூ மங்கலா இருந்தா ஃபோகஸ் தப்பிருக்கும், இல்ல பூ ஆடிருக்கும், ஃபிரேம் மொத்தமும் ஒரே பக்கமா இழுத்திருந்தா கை ஆடிருக்கு. நுனி மட்டும் ஷார்ப், இதழ் மங்கலா? அடுத்த தடவ அபர்ச்சர (லென்ஸோட துவாரம்) எஃப்/8க்கு சின்னதாக்குங்க, இதழும் ஷார்ப்பா வரும். சொதப்புனத உடனே டெலிட் பண்ணாதீங்க, அதோட செட்டிங்ஸ நல்லா வந்த படத்தோட வச்சு பாருங்க.