நேர்த்தி வைத்தவரோடு கதிர்காமம் நடக்கிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்கே உகந்தைமலை முருகன் கோயிலடியில் கதிர்காமத்துக்கான காட்டுப்பாதை திறப்பது கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டித்தான். போர்க்காலத்தில் பல வருஷம் அடைபட்டுக் கிடந்த பாதை. குமனை, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர 5, 6 நாள் பிடிக்கும். சாமான் விசயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளுக்கு 5 லீற்றர் தண்ணீர்க் கேன், அவல், சர்க்கரை, பயறு, தேயிலை, விரிக்கப் பழைய சீலை, ரோச் லைற், ஜீவனி பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள்), நோவுக்குப் பூசச் சித்தாலேப. பழகிய செருப்பையே போடுங்கள். யானையும் கரடியும் உள்ள காடு. கூட்டத்தை விட்டுத் தனியே போகாதீர்கள். பொலித்தீனைக் காட்டில் எறியாதீர்கள்.

இனி நான் எழுத வந்த விசயம். நாங்கள் தம்பிலுவில் ஆட்கள். 1990இல் வீட்டை விட்டுப் போன அண்ணன் திரும்பவில்லை. அவர் வரவேண்டும் என்பது அம்மாவின் நேர்த்தி. வருவார் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் கூட நடக்கிறேன். நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே பாதையில் நடப்பது லேசல்ல.

வாதாடாதீர்கள். "அவன் வருவான் மனே" என்று அம்மா சொன்னால் நான் ஓம் என்பதுமில்லை, இல்லை என்பதுமில்லை. "வந்தா என்ன சமைச்சுக் குடுப்பீங்க?" என்று கேட்பேன். மாங்காய் போட்ட மீன் ஆணத்தில் (குழம்பில்) தொடங்கி அரை மணித்தியாலம் கதைப்பார். கால் நோவு மறந்துவிடும்.

விடியத் தேத்தண்ணி கொதிக்கும்போது, யாருக்காக நடக்கிறீர்களோ அவரைப் பற்றி ஆளுக்கொரு விசயம் சொல்லுங்கள், முதல் நாள் சொல்லாததாக. வருஷக்கணக்கில் சுவரில் தொங்கும் படத்தையே பார்த்திருந்தால் அந்த முகம் மட்டும்தான் மனதில் மிஞ்சும். பிறேக் இல்லாத றலி சைக்கிளை அண்ணன் குதிக்காலை டயரில் வைத்து நிறுத்துவார் என்பது எனக்குக் காட்டில்தான் ஞாபகம் வந்தது.

குமனைக்கும் யாலவுக்கும் இடையிலுள்ள குமுக்கன் ஆறு தாண்டியதும் வெயிலில் கோபம் வரும். முதலில் ஜீவனி குடியுங்கள், நிழலில் இருங்கள், காலைப் பாருங்கள். பிறகும் அது தணியாவிட்டால் யார்மேல் என்று உங்களையே கேளுங்கள். என் கோபம் அம்மாமேல் இருந்தது. வராத பிள்ளைக்குப் பொங்கல், வருஷப்பிறப்பு எல்லாம் புதுச்சட்டை எடுத்துவைத்தவர், வீட்டிலிருந்த பிள்ளையை ஏறிட்டுப் பார்க்கவில்லை என்ற கோபம். காணாமல் போனவர்மேல் பொறாமைப்படலாமா என்று வெட்கப்பட்டு அதை மூடிவைக்க வேண்டாம். அவரில் அன்பும் அதோடுதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாமல் முருகனிடம் சொன்னேன். அடுத்த நாள் அம்மாவின் பொதியைத் தூக்க மனம் வந்தது.

முதல் தரம் வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்: கதிர்காமத்து ஆறான மாணிக்க கங்கையில் முழுகிக் கோயிலில் போய் நின்றால் அங்கே விக்கிரகத்தைக் காணமுடியாது. படம் எழுதிய திரைதான் தெரியும். பூசை செய்கிற கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாய்ப் பூசை செய்வார். இவ்வளவு தூரம் நடந்து இதற்கா என்று சிலர் அழுவார்கள். அழவிடுங்கள். அம்மா அந்தத் திரைக்கே நெஞ்சாரக் கும்பிடுவார். எனக்கும் அது பிடிக்கும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் "கேட்டது கிடைச்சதா?" என்று சனம் விசாரிக்கும். நேர்த்தி வைத்தவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள். கால் கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடையுங்கள். அம்மாவைப் போலச் சீனி வருத்தம் உள்ளவர்களை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காலைக் காட்டுங்கள்.