கூட்டம் வேறு, வாக்கு வேறு: பள்ளி வாரியத் தேர்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரட்டைப்படை ஆண்டு பிறந்தால் எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். "அண்ணா, பள்ளி வாரியத்துக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். ஆதரவு நிறைய இருக்கிறது." ஆதரவு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள வளைகுடாப் பகுதியில் நம்மவர்களுக்காகவும் மற்றவர்களுக்காகவும் வீடு வீடாக ஏறி இறங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். பிரசாரப் பலகையில் எழுத்துப்பிழை விடுவது, எதிர் வேட்பாளரை முகநூலில் திட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துகிற அமைப்பு. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கிற ஒரு வாரியம். பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு உறுப்பினர்கள். பதவிக்காலம் 4 ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏறக்குறையப் பாதி இடங்களுக்குத் தேர்தல் வரும். கட்சி இல்லை, சின்னம் இல்லை, டெபாசிட் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் முன்மொழிபவர் கையெழுத்துகூட வேண்டாம். 18 வயது நிரம்பி, அந்த மாவட்டத்தில் குடியிருந்து, வாக்காளராகப் பதிவு செய்திருந்தால் போதும். வேட்புமனுவைக் கவுண்டியின் (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) தேர்தல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தேர்தலுக்கு 113 நாள் இருக்கும்போது தொடங்கி 88 நாள் இருக்கும்போது முடித்துவிடுவார்கள். 2026 நவம்பர் 3 தேர்தல் என்றால், ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 மாலை 5 மணி வரை. பதவியில் இருப்பவர் மனுப்போடாமல் விட்டால், மற்றவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 12 வரை அவகாசம் நீளும். அந்தக் கடைசி ஐந்து நாளில் கண்ணை மூடிக்கொண்டிருக்காதீர்கள்.

## கூட்டத்தை வாக்காக எண்ணுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். கைப்பணத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் பொறியாளர் நின்றார். நல்ல மனிதர். மாவட்டத்தின் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்து வைத்திருந்தார். தொடக்க விழாவுக்கு மண்டபம் பிடித்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, பிள்ளைகளின் பாட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு. நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். "வெற்றி இப்போதே உறுதியாகிவிட்டது" என்று மேடையில் ஒருவர் முழங்கினார். நான் தட்டு போடுகிற இடத்தில் நின்றுகொண்டு வந்தவர்களிடம் ஊர் விசாரித்தேன். ஒருவர் சான் ரமோன். ஒருவர் மில்பிடாஸ். ஒருவர் ஃபோல்சமிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்திருந்தார், பாவம். வேட்பாளரின் வார்டில் வாக்குள்ளவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வார்டு என்கிறேன்; காகிதத்தில் 'டிரஸ்டி ஏரியா' என்று இருக்கும். முன்பு பல இடங்களில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. 2002-இல் கலிபோர்னியா வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு வழக்குக்கு அஞ்சி மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வார்டு முறைக்கு மாறின. அங்கெல்லாம் வார்டில் குடியிருப்பவர்தான் நிற்கலாம். அந்த வார்டுக்காரர்கள் மட்டுமே அவருக்கு வாக்களிக்கலாம். எதிர்ச்சாரி வீடு வேறு வார்டாக இருக்கும். இது தெரியாமல் நம் பொறியாளர் ஊர் முழுவதற்கும் பளபளப்பான அட்டை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். ஐந்து வார்டு உள்ள மாவட்டம். அச்சுக்கூலியிலும் தபால் செலவிலும் ஐந்தில் நாலு பங்கு, அவருக்கு வாக்களிக்கவே முடியாதவர்களின் குப்பைத்தொட்டிக்குப் போனது.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு கவுண்டி அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை வாங்கியிருக்கலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தேர்தல் வேலைக்குத்தான் என்று உறுதி சொன்னால் கொடுப்பார்கள். அதில் பெயர், முகவரி, பதிவு செய்த தேதி ஆகியவற்றோடு, இதற்கு முந்தைய தேர்தல்களில் வாக்களித்தாரா இல்லையா என்பதும் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது இருக்காது. பிந்திய நாளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பட்டியலைக் கணினியில் திறந்து ஒரு தெருவை மட்டும் பார்த்தோம். அவருடைய நெருங்கிய நண்பரின் வீட்டில் நான்கு பேர். பட்டியலில் இருந்தது ஒரே பெயர், கல்லூரிக்குச் சென்றுவிட்ட மகளுடையது. தாயும் தந்தையும் கிரீன் கார்டு, வாக்கில்லை; தம்பிக்கு வயது வரவில்லை. மகளின் வாக்குச்சீட்டு இந்த வீட்டுக்குத்தான் வரும். அவளோ சான் டியேகோவில் இருக்கிறாள். அவளுக்கு யாரும் ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பியிருக்கவில்லை.

அதே தெருவில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். அவருடைய வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. யாரும் எட்டிப் பார்க்காத முதற்கட்டத் தேர்தலில்கூட வாக்களித்திருந்தார். வேட்பாளர் அவர் வாசலைத் தாண்டிப் போய், குழந்தைகளின் சைக்கிள் கிடந்த வீட்டில் மணி அடித்தார். பள்ளித் தேர்தல் என்றால் பள்ளிப் பிள்ளை உள்ள வீடு என்று கணக்கு. அவரைத் திருப்பி அழைத்து வந்து அந்த அம்மையாரிடம் நிறுத்தினேன். அவர் கணிதப் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அடுத்த பார்சல் வரியில் மூத்தோருக்கு விலக்கு உண்டா?" என்றார். வேட்பாளர் என் முகத்தைப் பார்த்தார்.

பார்சல் வரி என்பது வீட்டுமனைக்கு இவ்வளவு என்று பள்ளிக்காகப் போடுகிற வரி. அதைக் கொண்டுவர வாரியம் தீர்மானம் போட்டு மக்கள் முன் வைக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட 55 சதவீதம் போதும். 2000-ஆம் ஆண்டு 39-ஆவது முன்மொழிவு நிறைவேறியதிலிருந்து இந்த விதி. இந்த வாக்கெடுப்புகளில் தவறாமல் கலந்துகொள்பவர்கள் அந்த அம்மையாரைப் போன்றவர்கள்தாம். பள்ளியில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் சொந்த வீடும் கட்டுகிற வரியும் இருக்கின்றன.

இன்னொன்று, காலம். இங்கே பதிவு செய்த எல்லா வாக்காளருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு போகிறது. தேர்தலுக்கு 29 நாள் இருக்கும்போதே அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். நவராத்திரி கொலுவில் நாலு பேரைப் பார்த்துச் சொல்லலாம், தீபாவளி விருந்தில் கைகுலுக்கலாம் என்று காத்திருப்பவர், சீட்டு நிரப்பித் திரும்பிப் போன பிறகு வாக்குக் கேட்கிறார். யாருடைய உறை வந்து சேர்ந்துவிட்டது என்ற விவரத்தையும் கவுண்டி வேட்பாளர்களுக்குத் தருகிறது. அன்றன்று வந்தவர் பெயரை அடித்துவிட்டு மிச்ச வீடுகளுக்குப் போக வேண்டும். போகும்போது இதையும் சொல்லுங்கள்: வாக்குச்சீட்டின் மேலே ஆளுநரும் நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரும் இருப்பார்கள், பள்ளி வாரியம் எங்கோ கீழே கிடக்கும். பாதியில் சலித்து உறையை ஒட்டிவிடுகிறவர்கள் ஏராளம். நம் வீடுகளிலேயே அப்படி ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

பொறியாளர் தோற்றார். மண்டபத்தில் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையைவிடச் சிறிய வித்தியாசம்.

## எச்-1பி நண்பரின் நூறு டாலர்

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர் அன்பாகத்தான் கொடுப்பார், வாங்காதீர்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், உள்ளூர்த் தேர்தல் உட்பட, அமெரிக்காவின் எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். எச்-1பி நண்பர் சம்பளம் வாங்காமல் உங்களோடு துண்டறிக்கை கொடுக்க வரலாம், அது குற்றமில்லை. நன்கொடைப் படிவத்திலேயே இந்தக் கேள்வியைப் போட்டுவிடுங்கள், யாரையும் தனியே கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்.

முதல் டாலரை வாங்குவதற்கு முன்பே மாநிலத்தின் 501-ஆம் எண் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஓர் ஆண்டில் வரவு 2,000 டாலரைத் தொட்டுவிட்டால் நீங்கள் சட்டப்படி ஒரு 'கமிட்டி'. கணக்கு அறிக்கைகள் வரிசையாக வரும். மைத்துனர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் கணக்குத் தெரிந்த ஒருவரைப் பொருளாளராகப் போடுங்கள்.

வாக்களிப்பதிலும் இதே எச்சரிக்கை. சான் பிரான்சிஸ்கோ நகரில், 2016-இல் நிறைவேறிய தீர்மானத்தின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்குத் தனிப் படிவம், தனி வாக்குச்சீட்டு. இதை எங்கோ கேள்விப்பட்டு, பக்கத்து ஊரில் இருந்துகொண்டு வழக்கமான வாக்காளர் படிவத்தை நிரப்பிவிட்டால் குடியுரிமைக் கனவே குலைந்துபோகும். ஆர்வக்கோளாறில் நண்பர்களுக்குப் படிவம் விநியோகிக்கிற வேட்பாளர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

## பள்ளியின் மின்னஞ்சல் பட்டியல்

தொடாதீர்கள். சட்ட விரோதம்.

## 200 சொல்லில் சுயசரிதை

வாக்காளர் கையேட்டில் வேட்பாளர் அறிக்கைக்குப் பொதுவாக 200 சொல்தான். கட்டணம் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்து, அதுவும் முன்கூட்டியே; பெரிய மாவட்டம் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். அந்த இடத்தில் பிறந்த ஊர், ஐஐடி, வாங்கிய காப்புரிமைகள், மனைவி மக்கள் பெயர் என்று நிரப்பினால் மீதி நாற்பது சொல்லில் என்ன சொல்வீர்கள்? ஒரு பள்ளியின் பெயர், ஒரு தொகை, நீங்கள் எதிர்த்த அல்லது ஆதரித்த ஒரு முடிவு: இவை மூன்றும் இல்லாத அறிக்கை எனக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எதிராளியைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ எழுதக்கூடாது. கொடுத்த பிறகு திருத்தவும் முடியாது. மனுத்தாக்கல் முடிந்த அடுத்த வேலை நாள் மாலை 5 மணி வரை திரும்பப் பெறலாம், அவ்வளவுதான்.

## பெயருக்குக் கீழே மூன்று சொல்

வாக்குச்சீட்டில் உங்கள் தொழிலைக் குறிக்க மூன்று சொல் வரை இடம். 'சிறந்த', 'முன்னணி', 'நிபுணர்' எல்லாம் ஏற்கப்படாது.

## ஆகஸ்ட்டுக்கு முன் பலகை அச்சடிப்பது

எதிரில் யாரும் மனுப்போடாவிட்டால் அந்த இடத்துக்குத் தேர்தலே நடக்காது, உங்களை நியமித்துவிடுவார்கள். பலகைகள் கராஜில் கிடக்கும்.

## ஒற்றை ஆளாக எல்லாம் செய்வேன் என்பது

வாரியம் மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிக்கிறது, ஜூலை 1-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது, ஆசிரியர் சங்கத்தோடு போடுகிற ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருகிறது. தனி உறுப்பினர் ஒரு பள்ளி முதல்வருக்குக்கூட உத்தரவு போட முடியாது. நிதியின் பெரும்பகுதி 2013-இல் வந்த மாநிலச் சூத்திரத்தின்படி வருகிறது. எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் இயற்கணிதம் கொண்டுவருவேன் என்று ஒருவர் வேட்பாளர் கூட்டத்தில் சொன்னார். நம்மவர்களிடம் கைதட்டல் பறந்தது. பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்து, "அதற்கு எத்தனை ஆசிரியர்கள் கூடுதலாக வேண்டும், அவர்களுக்கு எந்தக் கணக்கிலிருந்து சம்பளம்?" என்றார். பதில் இல்லை. மாவட்டம் நினைத்தால் செய்யக்கூடிய காரியம்தான் அது. ஆனால் ஐந்தில் மூன்று வாக்கு வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். கடந்த ஆறு மாத வாரியக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு வாய் திறந்தால் இந்த அவமானம் நேராது.

## ஜெயித்த இரவில் தொடங்குகிற வாட்ஸ்அப் குழு

1953-இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டப்படி, வாரியத்தின் பெரும்பான்மையினர் வாரிய விவகாரங்களைப் பொதுக்கூட்டத்துக்கு வெளியே விவாதிக்கக்கூடாது. ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர். நேரில் சந்தித்தால்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் இரண்டாமவரிடம் சொல்லி, அவர் மூன்றாமவரிடம் சொன்னாலும் மீறல்தான். வாட்ஸ்அப்பில் அது எவ்வளவு எளிதாக நடந்துவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் உறுதிமொழி எடுத்த பிறகுதானே உறுப்பினர் என்று வாதிடாதீர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவி ஏற்காதவரையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒத்த கருத்துள்ள மூன்று பேர் ஒரே தேர்தலில் ஜெயித்தால், முடிவு தெரிந்த இரவே யாராவது 'புதிய வாரியம்' என்று குழு தொடங்கி, கண்காணிப்பாளரை மாற்றலாமா என்று கேட்பார். பதில் எழுதாமல் வெளியேறிவிட்டு, பள்ளி மாவட்டத்தின் சட்ட ஆலோசகரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.