'மோர் லைவ்லியர்' வேண்டாம்: ஆங்கில ஒப்பீட்டில் நாம் சறுக்கும் இடங்கள்

"சென்னையை விட மதுரை கலகலப்பானது." இந்த வாக்கியத்தில் ஒப்பிடும் வேலை முழுவதையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. 'கலகலப்பானது' அப்படியே நிற்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'மதுரை இஸ் லைவ்லி தேன் சென்னை' என்று எழுதிவிடுகிறோம். பள்ளிக் கட்டுரை முதல் அலுவலக மின்னஞ்சல் வரை என் கண்ணில் அதிகம் படும் தவறு இதுதான். ஆங்கிலத்தில் 'தேன்' மட்டும் வந்தால் போதாது, பெயரடையும் மாற வேண்டும். 'லைவ்லி' என்பது 'லைவ்லியர்' ஆகும். எழுதும்போது கடைசி ஒய் போய் ஐ வரும், அதன்பின் இ, ஆர்.

சிலர் இதற்கு நேர்மாறாக, இரண்டு முறை மாற்றிவிடுவார்கள். மனசுக்குள் 'இன்னும் கலகலப்பான' என்று ஓடும். கை 'மோர் லைவ்லியர்' என்று எழுதும். ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த இரட்டை ஒப்பீடு வழக்கில் இருந்தது. இன்றைய எழுத்தில் அது பிழை. 'லைவ்லியர்', 'மோர் லைவ்லி' இரண்டுமே சரி, ஏதாவது ஒன்றை எழுதுங்கள். நான் முதலாவதைத்தான் சொல்வேன், அதுவே அதிகம் புழங்குகிறது. 'எனர்ஜெட்டிக்', 'வைப்ரண்ட்', 'ஆக்டிவ்' போன்றவற்றுக்கு 'மோர்' மட்டும்தான்.

சரி, 'அதை விட ரொம்பக் கலகலப்பு' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால்? 'வெரி லைவ்லியர்' வராது. 'மச் லைவ்லியர்' அல்லது 'ஃபார் லைவ்லியர்'.

'லி' என்று முடிவதால் 'லைவ்லி'யை வினையடை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெயரடை. அதனால் 'ஷி ஸ்போக் லைவ்லியர்' தவறு. 'ஷி ஸ்போக் இன் எ லைவ்லியர் வே' என்று எழுதலாம். 'அலைவ்' வேறு மாதிரி. 'தி ஸ்ட்ரீட் ஃபெல்ட் மோர் அலைவ்' அழகான வாக்கியம். ஆனால் அந்தச் சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது என்பதால், 'எ மோர் அலைவ் ஸ்ட்ரீட்' என்று எழுத முடியாது. அங்கே 'எ லைவ்லியர் ஸ்ட்ரீட்'தான்.

நன்றாக எழுதுபவர்களும் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. 'மதுரைஸ் ஸ்ட்ரீட்ஸ் ஆர் லைவ்லியர் தேன் சென்னை' என்ற வாக்கியம் தெருக்களை ஒரு நகரத்தோடு ஒப்பிடுகிறது. தமிழில் 'மதுரைத் தெருக்கள் சென்னையை விடக் கலகலப்பு' என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. எழுத்து ஆங்கிலத்தில் உறுத்தும். 'தேன் சென்னைஸ்' என்றோ 'தேன் தோஸ் இன் சென்னை' என்றோ முடித்தால், தெருவோடு தெரு சேர்ந்துவிடும்.