மூன்று குழாய் புரொஜக்டரை மேல்தளத்தில் மாட்டிச் சரிசெய்வது எப்படி?

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருபவர்கள் கூடத்தின் நடுவில் உட்காரத் தயங்குவார்கள். தலைக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்களோடு ஒரு பெரிய பெட்டி தொங்குகிறது. பழைய சாமான்கள் விற்கும் சோர் பஜாரில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்த சிஆர்டி புரொஜக்டர் அது; பழைய டிவியில் இருந்தது போன்ற படக்குழாய்கள் மூன்றால் படம் காட்டும். கைக்கடக்கமான எல்இடி புரொஜக்டர்கள் மலிந்த காலத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். கறுப்புக்காக. குழாயில் மின்கதிர் பாயாத இடத்தில் ஒளியே பிறப்பதில்லை. இரவுக் காட்சியில் சாம்பல் பூத்த கறுப்பைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது புரியும்.

இதைச் சரிசெய்ய எல்லோரும் முதலில் ரிமோட்டைத்தான் தேடுகிறார்கள். கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக் குண்டும் இரவல் வாங்குங்கள் என்பேன் நான்.

படி 1: இடம்

7 அங்குலக் குழாய் கொண்ட இயந்திரமே பெரும்பாலும் 50 கிலோவைத் தாண்டும். 9 அங்குலக் குழாய் கொண்ட சோனி ஜி90 போன்றவை 100 கிலோவுக்கும் மேல். ஜிப்சம் பலகையிலோ பிஓபி அலங்காரத்திலோ மாட்டவே கூடாது. அதைத் தாண்டிக் காங்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். துளையிடும்போது கம்பி தட்டினால் அதோடு மல்லுக்கட்டாமல் இடத்தை மாற்றுங்கள். மும்பைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை: மேல்வீட்டுக் குளியலறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஜூலையில் ஓதம் ஏறும் தளத்தின் கீழே முப்பதாயிரம் வோல்ட் ஓடும் பெட்டியைத் தொங்கவிட வேண்டாம்.

திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம், உயரம், சாய்வு மூன்றும் அந்தந்த மாடலின் கையேட்டில் அட்டவணையாக இருக்கும். கண்மதிப்பு இங்கே உதவாது. திரை சாதாரணப் பளபளப்பில்லாத வெள்ளையாக இருப்பது நல்லது. பளபளப்புத் திரையில் படம் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் மூன்று லென்ஸும் மூன்று கோணத்திலிருந்து ஒளி வீசுவதால் ஒரு ஓரம் செம்மையாகவும் மறு ஓரம் நீலமாகவும் சாயும்.

படி 2: நேராகத் தொங்கவிடுதல்

நடுவில் இருக்கும் பச்சை லென்ஸின் மையத்திலிருந்து தூக்குக் குண்டை இறக்கித் தரையில் குறியிடுங்கள். திரையின் நடுக்கோட்டிலிருந்தும் அப்படியே இறக்குங்கள். இரண்டையும் நூலால் இணைத்தால், அந்த நூல் திரைச் சுவருக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்; மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அடுத்து, பச்சை லென்ஸிலிருந்து திரையின் மேல் மூலைகள் இரண்டுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி நடுவில் இருக்கிறது. சிவப்பு, நீல லென்ஸுகளிலிருந்து சுவருக்கு உள்ள தூரமும் சமமாக இருந்தால் பெட்டி திரும்பாமல் இருக்கிறது.

முதல்முறை நான் முக்கால் அங்குலம் தள்ளி மாட்டிவிட்டேன். மறுபடி ஆள் கூப்பிடச் சோம்பல். படத்தை ரிமோட்டால் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்படி நகர்த்தும்போது லென்ஸ் அசைவதில்லை; குழாயின் முகத்தில் ஒளிரும் சட்டம்தான் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் பச்சைக் குழாயின் ஒரு பாதி மங்கியிருந்தது. நான்கு பேர் கூடி அதைக் கழற்றி மாட்டிய ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது.

படி 3: தலைகீழ்ப் படம்

தளத்தில் கவிழ்த்து மாட்டியதால் படமும் கவிழ்ந்து வரும். சில மாடல்களில் இதற்கு ஸ்விட்ச் உண்டு. மற்றவற்றில் குழாயின் கழுத்திலிருக்கும் சுருள்களின் இணைப்புகளைத் திருப்பிச் செருக வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். புதியவர்கள் இந்த ஒரு வேலைக்கு டிவி மெக்கானிக்கை அழைப்பது நல்லது.

படி 4: சூடேற்றுதல், நடுவில் நிறுத்துதல், கூர்மை

இயந்திரத்தை ஓடவிட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். குளிர்ந்த நிலையில் செய்த எந்தச் சரிசெய்தலும் சூடானதும் விலகிவிடும்.

கான்ட்ராஸ்டை நன்றாகக் குறைத்துவிட்டு, ஏணியில் ஏறி லென்ஸுக்குள் எட்டிப் பாருங்கள். குழாயின் முகத்தில் ஒரு சிறு செவ்வகம் ஒளிரும். நாற்புறமும் சமமான இருட்டு ஓரம் விட்டு அது நடுவில் நிற்க வேண்டும். மூன்று குழாய்களுக்கும் இதைச் செய்யுங்கள்.

பிறகு லென்ஸ். இயந்திரமே தரும் கட்டக் கோலத்தைத் திரையில் வரவழைத்து, பச்சையை மட்டும் எரியவிட்டு மற்ற இரண்டையும் மூடுங்கள். நடுப்பகுதிக்கு ஒரு திருகும் ஓரங்களுக்கு ஒரு திருகும் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும் என்பதால் மாறி மாறித் திருப்ப வேண்டும். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, திருப்பும் வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள். கோடு கூர்மையானால் மட்டும் போதாது. அந்தக் கோட்டுக்குள் மணல் தூவியது போன்ற பொடி தெரியும் வரை போங்கள். அது குழாயின் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சின் மணி. லென்ஸ் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி 5: பச்சை முதலில்

அதே கட்டக் கோலத்தில் பச்சைக் கோடுகளை மட்டும் நேராக்குங்கள். சாய்வு, வளைவு, கூம்பல் (படம் ஒரு பக்கம் குறுகித் தெரிவது), அகலம் என்ற வரிசையில் போனால் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்காது. திரையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி அதோடு ஒப்பிடுங்கள். கண் ஏமாறும், நூல் ஏமாறாது.

பச்சை முடிந்த பிறகு அதைத் தொடவே கூடாது. சிவப்பை எரியவிட்டு, முதலில் நடுப்புள்ளியைப் பச்சையின் மேல் ஏற்றுங்கள். பிறகு மேல், கீழ், பக்கங்கள், கடைசியில் மூலைகள். இரண்டும் படிந்த இடத்தில் கோடு மஞ்சளாகும். அடுத்து சிவப்பை அணைத்துவிட்டு நீலத்தை இதேபோல் பச்சையின் மேல் படியவையுங்கள். முதல்நாள் எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது இருபது நிமிடம். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் முன்கூட்டியே அதன் நிரந்தர இடத்தில் வைத்துவிடுங்கள். அதன் காந்தம் கதிர்களை இழுக்கும்.

படி 6: வெண்மை

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஓடவிடுங்கள். நிழல்களில் நிறம் தெரிந்தால் ‘கட்-ஆஃப்’ என்ற அமைப்பையும், வெளிச்சமான முகங்களில் தெரிந்தால் ‘கெயின்’ என்ற அமைப்பையும் மாற்ற வேண்டும். வெள்ளைச் சட்டை எந்த நிறத்தையும் பூசிக்கொள்ளாமல் வெள்ளையாக நிற்கும்வரை சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கான்ட்ராஸ்டைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள். சேனல் முத்திரை, கிரிக்கெட் ஸ்கோர்ப் பட்டை போன்ற அசையாத வெளிச்சம் குழாயில் நிரந்தரத் தழும்பாகப் பதியும். எங்கள் வீட்டில் ஐபிஎல் பக்கத்து அறை டிவியில்தான்.