பகடை உருட்டாத சோதனையில் நாம் விடும் பிழைகள்

மாங்குளத்தில் நண்பன் வீட்டு விறாந்தையில் ஞாயிறு இரவுகளில் ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதைக்குள் போகும் மேசை விளையாட்டை விளையாடுகிறோம். கதை நடத்துவது நான். போன கிழமை காட்டுப்பாதையில் ஒரு பொறி வைத்தேன்: குறுக்கே நூல், பற்றைக்குள் ஒரு குறுக்குவில். எங்கள் பக்கத்தில் மிருகங்களுக்கு வைக்கும் கட்டுத்துவக்கின் தம்பி என்று வையுங்கள். அந்த இடம் வந்ததும் “எல்லாரும் உருட்டுங்கோ” என்றேன். நாலு பேருக்கும் பகடையில் சின்ன எண்தான் விழுந்தது. ஆனாலும் ஒருவரும் காலடி எடுத்து வைக்கவில்லை. “சும்மா உருட்டச் சொல்லுவியா மச்சான்?” என்று சிரித்தான் ஒருத்தன்.

இதற்காகத்தான் ஐந்தாம் பதிப்பில் ‘பாசிவ் பெர்செப்ஷன்’, அதாவது பகடை உருட்டாமலே ஒருவன் எவ்வளவு கவனிப்பான் என்று சொல்லும் எண், இருக்கிறது. 10 உடன் கவனிக்கும் திறனின் கூட்டலைச் சேர்த்தால் சரி. ஞானம் 16 (+3), பயிற்சி +2 என்றால் முதல் மட்ட வீரனுக்கு 15. அதை முன்கூட்டியே ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்கத் தேவையில்லை.

அந்த 15ஐக் கல்லில் வெட்டிய எழுத்தாக நினைப்பதும் பிழை. அட்வான்டேஜ் (சாதகமான நிலை) இருந்தால் 5 கூடும், டிஸ்அட்வான்டேஜ் (பாதகமான நிலை) என்றால் 5 குறையும். இருட்டுப் பார்வை உள்ளவனுக்குக் கும்மிருட்டு மங்கல் வெளிச்சம் போலத்தான், பட்டப்பகல் அல்ல. பந்தம் கொளுத்தாமல் போனால் கண்ணால் கவனிப்பதில் டிஸ்அட்வான்டேஜ்; அவனுடைய 15, 10 ஆகிவிடும். கண்டுபிடிக்க 12 வேண்டிய நூலில் கால் தடுக்கும்.

பயணத்தில் இன்னொன்று. வழி பார்ப்பவன், வரைபடம் கீறுபவன், உணவு தேடுபவன் ஆகியோரின் எண் ஆபத்தைக் கவனிப்பதில் சேராது. பாலைப்பழம் பொறுக்கிக்கொண்டு நடப்பவன் பதுங்கியிருப்பவனைக் காண்பானா?

பெரிய பிழை கதை நடத்துபவருடையதுதான். பொறியைக் கண்டுபிடிக்க 15 வேண்டும் என்று எழுதும்போதே, குழுவில் 15 உள்ளவன் கண்டுபிடிப்பான் என்று தெரியும். 16 என்று எழுதினால் காணமாட்டான். இரண்டு பக்கமும் அசையாத எண் என்றால் முடிவு வீட்டிலேயே எழுதியாயிற்று, மேசையில் நடப்பது வெறும் வாசிப்பு. பதுங்கும் எதிரியிடம் இந்தச் சிக்கல் இல்லை. அவன் தன் பதுங்கலுக்குப் பகடை உருட்டுகிறான்.

அதனால் இப்போதெல்லாம் நிலையான எண்ணுக்குப் பாதியை மட்டும் கொடுக்கிறேன்: “முழங்கால் உயரத்தில் ஏதோ மின்னுது.” அது என்ன, எங்கே போய் முடிகிறது என்று அவர்கள் குனிந்து தேடினால், அப்போது பகடையை எடுக்கச் சொல்கிறேன்.