தென்னாப்பிரிக்க டர்பன் மண்ணில் அட்டமோயா: காய் பிடிக்க வைத்த விதம்

மரத்துக்கு ஐந்து வயது. அக்டோபரிலிருந்து பூ நிறைய. காயோ இரண்டு மூன்றுதான், அதுவும் ஒருபக்கம் சப்பையாக. உரம் கூட்டியதில் இலைதான் பெருத்தது. குறை இருந்தது மகரந்தச் சேர்க்கையில்.

அட்டமோயா நம் சீத்தாவும் அதன் உறவுப்பழமான செரிமோயாவும் கலந்த இனம். பூ முதல் நாள் பிற்பகலில் பெண்ணாக விரியும். மறுநாள் மாலைதான் ஆணாகி மகரந்தத் தூள் விடும். இடையில் தூளைக் கொண்டுசேர்ப்பவை சின்னஞ்சிறு வண்டுகள். அவை குறைந்தால் பூ உதிரும். மலைப்பக்கமிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று அடித்தால், தூளை ஏற்கும் சூல்முடியும் காய்ந்துவிடும்.

கையால் மகரந்தம் சேர்த்ததும் சரியானது. மாலை நாலு மணிக்குமேல் இதழ் அகல விரிந்த பூக்களைச் சின்ன டப்பாவுக்குள் தட்டினால் தூள் உதிரும். இரவு பிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பயன்படுத்த வேண்டும். பழைய தூள் உதவாது. இதழ் லேசாகப் பிரிந்த பூவை விரலால் விலக்கி, மெல்லிய தூரிகையால் நடுக்கூம்பைச் சுற்றிலும் தடவுங்கள். விட்டுப்போன பக்கம்தான் பிறகு சப்பையாகும். சீத்தாப்பூவின் தூளும் நன்றாகவே வேலை செய்யும்.

கவாத்து ஆகஸ்ட் கடைசியில். போன வருடக் கிளையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மிஞ்சிய இலைகளைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். மொட்டு காம்பின் அடியில் ஒளிந்திருக்கும். இலை போனால்தான் துளிர்க்கும், பூவும் அந்தத் துளிரில்தான் வரும்.

காய் பிடித்த நாலைந்து மாதத்தில் அதன் தோலிலுள்ள கண்களுக்கிடையே வெளிர்மஞ்சள் தெரியும். அப்போது கத்தரித்து, வெளியிலேயே மூன்று நாலு நாள் வையுங்கள். பழுக்காததைப் பிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கும். கனிந்தபின் குளிரவைத்துக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டால் அமிர்தம். விதையைக் கடிக்க வேண்டாம், அது நஞ்சு.