எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சத்துக்குறைவு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

அக்காவுக்கு பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு ஆபரேஷன் நடந்து முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போனது. எடை இறங்கியது, சர்க்கரை இறங்கியது, எழுதிக் கொடுத்த மாத்திரைகளையும் தவறாமல் போட்டாள். அப்புறம் "நல்லாத்தானே இருக்கேன், இதெல்லாம் இன்னும் எதுக்கு" என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டாள். மூன்றாவது வருடம் பாதத்தில் மதமதப்பு. செருப்பு காலிலிருந்து கழன்றது கூடத் தெரியவில்லை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்படித்தான் வரும் என்று நாங்களே முடிவு செய்து பல மாதம் விட்டுவிட்டோம். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பி12 மிகவும் குறைவு. ஊசி போட்டு அளவு ஏறிவிட்டது, மதமதப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை. அன்றிலிருந்து அவளுடைய மாத்திரைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். அதில் பழகியதை வரிசையாகச் சொல்கிறேன். அளவுகளை உங்கள் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: எந்த ஆபரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்திருப்பார்கள், குடலைத் தொட்டிருக்க மாட்டார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைத்திருப்பார்கள். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான், அதனால் நன்றாகச் சாப்பிட்டாலும் உடம்பில் சேர்வது குறைவு. பி12 கதை வேறு. இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் கூடவே வந்தால்தான் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ளே ஏறும், இரண்டு ஆபரேஷனிலும் அந்தப் புரதத்துக்கு அடி விழுகிறது. ஆனால் கல்லீரலில் சில வருடங்களுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது, அக்கா ஏமாந்தது இங்கேதான். மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும், சர்க்கரைக்காரர்கள் இதைக் குறித்து வையுங்கள்.

படி 2: ரத்தப் பரிசோதனை

ஆபரேஷன் முடிந்து 3, 6, 12 மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை, உடம்பு நன்றாக இருந்தாலும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே இறங்கிவிடும். பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவையும் வேண்டும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். அதைக் காட்டிக்கொடுப்பது பாராதைராய்டு ஹார்மோன்தான். பைபாஸ் செய்தவர்கள் வைட்டமின் ஏ, துத்தநாகம், தாமிரம் பற்றியும் கேளுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? சில பரிசோதனை முடிவுகளையே அது மாற்றிவிடும், லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

படி 3: நேர அட்டவணை

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இதில்தான். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை சிகிச்சைச் சங்கம் சொல்லும் ஒரு நாள் அளவு: கால்சியம் உணவிலிருந்து வருவதையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி., வைட்டமின் டி 3000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு), இரும்பு 45 முதல் 60 மி.கி., பி12 வாய்வழியாக என்றால் 350 முதல் 1000 மைக்ரோகிராம்.

கால்சியத்தை மொத்தமாக விழுங்கினால் பயன் இல்லை, ஒரு நேரத்துக்கு 500 அல்லது 600 மி.கி.க்கு மேல் உடம்பு எடுத்துக்கொள்ளாது. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். எங்கள் வீட்டில் இப்படி: காலை 8 மணிக்கு டிபனுடன் மல்டிவிட்டமின், பி12, வைட்டமின் டி. 11, 3, 6 மணிக்கு கால்சியம். இரவு 9 மணிக்கு இரும்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு. இரும்பு போடும் நேரத்தில் காபி, டீ வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் கால்சியம், இரும்புக்கும் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேளுங்கள், வயிற்றில் அமிலம் குறைவாக இருந்தாலும் அது ஏறும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்: 1000 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் உண்மையான கால்சியம் 210 மி.கி. அளவுதான். 'எலிமென்டல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் சில டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 60,000 ஐ.யு. வைட்டமின் டி. வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால் வாரம் ஒன்றேதான், தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது. சைவக்காரர்களுக்கு உணவில் பி12 என்றால் பால், தயிர், மோர் அவ்வளவுதான்.

படி 4: வாந்தி நிற்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தயாமின் என்கிற பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது சீக்கிரமே தீர்ந்துபோகும். பொருள் இரண்டாகத் தெரிவது, கருவிழி நிலையில்லாமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் — இதில் ஒன்று வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பி1 தீர்ந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு இன்னும் மோசமாகலாம், முதலில் தயாமின் ஊசி போட வேண்டும். இரவு நேர டியூட்டி டாக்டருக்கு இவருக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று தெரிந்திருக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள், மாத்திரைப் பட்டியலையும் அதற்கு முன்பே டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள்.

அக்காவின் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஆபரேஷன் பெயர், தேதி, தினமும் போடும் மாத்திரைகள், என் போன் நம்பர். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "குளுக்கோஸுக்கு முன் தயாமின் கொடுக்கவும்."